பட்டன் கத்தியைத் திறந்த பிறகு

பட்டனை அழுத்தியதும் தானாகத் திறந்துகொள்ளும் மடக்குக் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அது திறக்கும் கணத்தை மட்டுமே பேசுகிறார்கள். அந்தச் சத்தம், அந்த வேகம், கையில் உணரும் அதிர்வு என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு கத்தியின் வாழ்நாளில் திறப்பதற்குப் போகும் நேரம் மிகக் குறைவு. மற்ற நேரமெல்லாம் அது பையில் மூடிக் கிடக்கிறது, அல்லது கையில் இருந்து எதையாவது வெட்டுகிறது, அல்லது மூடப்படுகிறது, அல்லது துடைக்கப்படுகிறது. அந்த வேளைகளில் எல்லாம் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் ஒரு கத்தியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய கத்திகளை நெடுநாளாகப் பயன்படுத்தியும், பிரித்துத் துடைத்துப் பழுது பார்த்தும் வருகிறேன். இவற்றின் குறைகளில் பெரும்பாலானவை மலிவான தயாரிப்பினால் வருபவை அல்ல. வடிவமைப்பிலேயே ஊறியவை என்பது என் உறுதியான கருத்து.

பக்கவாட்டில் திறக்கும் வகையின் உள்ளமைப்பை முதலில் பார்த்துவிடலாம். அலகு சுழலும் அச்சாணியைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதன் ஒரு முனை பிடியில் உள்ள சிறு துளையிலும், மறுமுனை அலகின் அடிப்பகுதியில் உள்ள துளையிலும் மாட்டப்பட்டிருக்கும். அலகை மடக்க மடக்கச் சுருள் முறுக்கேறும். அந்த முறுக்கு விடுபடாமல் அலகைப் பிடித்து வைத்திருப்பது பட்டன்தான். வெளியே நாம் காண்பது பட்டனின் தலை மட்டுமே. பிடிக்குள் அது ஓர் உருளைத் தண்டாக இறங்குகிறது. தண்டின் ஒரு பகுதி தடித்தும் இன்னொரு பகுதி ஒடுங்கியும் இருக்கும். தடித்த பகுதி அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் பதிந்திருக்கும்வரை அலகு அசையாது. பட்டனை அழுத்தினால் ஒடுங்கிய பகுதி அந்த இடத்துக்கு வந்து அலகுக்கு வழிவிடும். அலகு முழுவதும் திறந்ததும் பட்டன் மீண்டும் மேலெழுந்து, அலகில் உள்ள இரண்டாவது பள்ளத்தில் பதிந்து பூட்டாகிறது. அலகைத் திறந்துவிடும் பொறியும் அதுவே, திறந்தபின் நம் விரல்களைக் காக்கும் பூட்டும் அதுவே. ஒரே சிறு துண்டிடம் இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்திருப்பதிலிருந்துதான் பல சிக்கல்கள் கிளம்புகின்றன.

அவற்றைவிட அடிப்படையான சிக்கல் ஸ்பிரிங்கில் இருக்கிறது. முறுக்கிய சுருள் அவிழ அவிழ அதன் விசை குறைந்துகொண்டே வரும். ஆகவே அலகு நகரத் தொடங்கும்போது தள்ளல் மிக அதிகமாகவும், திறந்து முடிக்கும் இடத்தில் மிகக் குறைவாகவும் இருக்கும். ஆனால் கத்திக்குத் தேவைப்படுவது நேர்மாறானது. பூட்டில் அழுத்தமாகச் சென்று அமர வேண்டிய கடைசிக் கட்டத்தில்தான் விசை குறையாமல் இருக்க வேண்டும். இதை ஈடுகட்டுவதற்காக, திறந்த நிலையிலும் சுருளில் ஓரளவு முறுக்கு மிச்சமிருக்கும்படி பூட்டுகிறார்கள். கால் சுற்று முறுக்கு மிச்சம் வைக்கிறார்கள் என்று கொள்வோம். அலகு அரைச் சுற்றுத் திரும்புவதால், மூடிய நிலையில் சுருளில் முக்கால் சுற்று முறுக்கு இருக்கும். அதாவது முடிவில் தேவைப்படும் விசையைப்போல மூன்று மடங்கு விசை தொடக்கத்தில் பாய்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சுருளின் சுற்றுகளை அதிகமாக்கலாம். ஆனால் சுற்று கூடினால் உயரம் கூடும், பிடி தடிக்கும், பையில் துருத்திக்கொண்டு நிற்கும். மெலிந்த பிடியும் மென்மையான திறப்பும் ஒரே கத்தியில் சேர்வது அரிது.

அந்த மூன்று மடங்கு விசையைத்தான் கை ஓர் உதையாக உணர்கிறது. உதை வரும் நேரமும் பாதகமானது. பட்டனை அழுத்தும்போது கட்டைவிரல் பிடியைச் சுற்றி இருப்பதில்லை, பட்டனின் மேல் இருக்கிறது. கத்தி அதிகமாகக் குதிக்கும் கணத்தில் அதை நாம் குறைவான இறுக்கத்தில் பிடித்திருக்கிறோம். கை உலர்ந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஈரமோ எண்ணெயோ பட்ட கையில் கத்தி புரண்டுவிடும். கனமான அலகும் வலுவான ஸ்பிரிங்கும் கொண்ட கத்திகளைச் சிலர் பெருமையாகக் காட்டுவதுண்டு. என் பார்வையில் அந்த உதை வலிமையின் அடையாளமே அல்ல, கட்டுப்படுத்த முடியாமல் போன விசையின் அடையாளம்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அலகின் அடிப்பகுதி தடுப்பு ஆணியில் போய் மோதுகிறது. கையால் திறக்கும் கத்தியில் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைப்பது நம் விரல். இங்கே குறைப்பதற்கு யாரும் இல்லை. நாளடைவில் தடுப்பு ஆணியில் ஒரு தட்டையான தழும்பு விழும், திருகுகள் தளரும், அலகு மேலும் கீழுமாக மயிரிழை அளவு ஆடத் தொடங்கும். சில வடிவமைப்புகளில் தனித் தடுப்பு ஆணியே இருக்காது, பட்டன் தண்டே மோதலையும் தாங்கும். அப்படிப்பட்ட கத்தியை நான் வாங்க மாட்டேன். அதைப் பிரித்துத் தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அலகு வந்து இடிக்கும் பக்கத்தில் உலோகம் நசுங்கி ஓரத்தில் மெல்லிய உதடு கட்டியிருப்பது தெரியும். அந்த உதடுதான் பின்னர் பட்டன் பாதியில் சிக்கிக்கொள்வதற்குக் காரணமாகிறது. பிடி அலுமினியமாக இருந்தால் பட்டன் ஏறி இறங்கும் துளையும் மெல்ல வட்டம் இழந்து நீள்கிறது. அதற்குப் பிறகு எத்தனை புதிய தண்டு மாற்றினாலும் ஆட்டம் போகாது.

அச்சாணித் திருகை இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடாதா என்று கேட்பார்கள். கையால் திறக்கும் கத்தியில் நின்றுவிடும். தானியங்கிக் கத்தியில் அச்சாணியை இறுக்கினால் உராய்வு கூடி, ஏற்கெனவே விசை குன்றியிருக்கும் கடைசிக் கட்டத்தில் அலகு தயங்கி நின்றுவிடும். பார்ப்பதற்குத் திறந்ததுபோல் இருக்கும், பட்டன் மட்டும் முழுவதும் எழும்பியிருக்காது. பூட்டாத கத்தியைப் பூட்டியதாக நம்பி அழுத்தி வெட்டுவதைவிடப் பெரிய ஆபத்து மடக்குக் கத்தியில் வேறு இல்லை. ஆகவே ஆட்டத்துக்கும் தயக்கத்துக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளியில்தான் திருகை நிறுத்த வேண்டியிருக்கிறது. துருவோ தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்தால் அந்த இடைவெளியும் மாறிவிடும்.

பட்டன் பூட்டின் வலிமையையும் அளவோடு மதிப்பிட வேண்டும். அச்சாணியிலிருந்து பூட்டுப் பள்ளம் 8 மில்லிமீட்டர் தள்ளியும், அலகின் நுனி 80 மில்லிமீட்டர் தள்ளியும் இருந்தால், நுனியின் முதுகில் விழும் ஒவ்வொரு கிலோ பாரமும் பூட்டில் பத்து கிலோவாக வந்து இறங்கும். அதைத் தாங்குவது உருளைத் தண்டின் ஒரு குறுகிய கோட்டளவுத் தொடர்பு. நன்றாகச் செய்யப்பட்ட கத்தியில் பள்ளம் சற்றே சரிவாக இருக்கும். தேய்மானம் ஏற்பட்டாலும் தண்டு இன்னும் கொஞ்சம் மேலேறி இறுக்கிக்கொள்ளும். சாதாரண வெட்டு வேலைக்கு இது போதும். ஆனால் இறுகப் பிடித்து அழுத்தி வெட்டும்போது கட்டைவிரலோ உள்ளங்கையோ தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டால் பூட்டு விடுபட்டு, அலகு விரல்களின் மேல் மடங்கக்கூடும். பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புத் தாழை, கத்தி மூடியிருக்கும்போது மட்டும் போடுவதற்கு உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். பல கத்திகளில் அது திறந்த நிலையிலும் பட்டனை முடக்கும். நீண்ட நேரம் வெட்டப் போகிறோம் என்றால் அதைப் போட்டுக்கொண்டு வெட்டுவதே முறை.

மூடிய நிலையில் அந்தத் தாழ் பயன்படுவது பையில் தானாகத் திறந்துகொள்வதைத் தடுப்பதற்கு. துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் சாவிக்கொத்திலோ, உட்காரும்போது நாற்காலியின் விளிம்பிலோ அழுந்தினால் போதும். பைத் துணி அலகை முழுவதும் திறக்க விடாது. பாதி திறந்த அலகு ஸ்பிரிங்கின் தள்ளலோடு துணியில் முட்டிக்கொண்டு நிற்கும். எதுவும் தெரியாமல் கையை உள்ளே விடுகிறவர் வெட்டுப்படுவார். தாழ் போட்டிருந்தால் இது நடக்காது. ஆனால் தாழை விலக்கிப் பிறகு பட்டனை அழுத்துவது இரண்டு செயல். அவசரத்துக்கு ஒரே அழுத்தலில் திறக்கும் என்ற முதன்மையான நியாயம் அங்கே பாதி கரைந்துவிடுகிறது. தளர்ந்த தாழ் பையின் உரசலில் தானாகவே விலகுவதும் உண்டு. பட்டனைப் பிடியின் மட்டத்துக்குக் கீழே சற்றுப் புதைத்து, சுற்றிலும் ஒரு சிறு வரம்பு வைப்பதுதான் என் கணிப்பில் சரியான தீர்வு. கையுறை போட்டவருக்கு அது எட்டாது என்ற எதிர்வாதம் உண்மையே. இருந்தாலும் நான் வரம்பு வைத்ததையே தேர்ந்தெடுப்பேன். கத்தியைப் பையின் விளிம்பில் தொங்கவிடும் கிளிப்பை நுனி மேலே இருக்கும்படி மாட்டி, அலகின் முதுகு பையின் தையல் ஓரத்தோடு ஒட்டி நிற்குமாறு வைத்துக்கொண்டால், தவறிப் பட்டன் அழுந்தினாலும் தையலே அலகைத் திறக்க விடாது. கிளிப்பை ஒரே பக்கத்தில் மட்டும் மாட்ட இடம் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் இந்த எளிய பாதுகாப்பை இடக்கைக்காரர்களுக்கு மறுத்துவிடுகிறார்கள்.

இனி மூடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வகைக் கத்தியின் ஆகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன், ஆகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். திறக்கும்போது ஸ்பிரிங் செய்த வேலை முழுவதையும் மூடும்போது நாம் திருப்பிச் செய்து கொடுக்க வேண்டும், உராய்வில் போனதையும் சேர்த்து. ஒரு கட்டைவிரல் பட்டனை அழுத்தியபடி இருக்க, மறுகை அலகின் முதுகைத் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். கூர்மையான வாய் விரல்களை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும். அலகு இடத்தில் பதிவதற்கு முன் கை நழுவினால் அது மறுபடியும் வேகமாகத் திறந்துகொள்ளும். சாதாரண மடக்குக் கத்தி பாதியில் விட்டால் விட்ட இடத்தில் நிற்கும், அல்லது மெதுவாக அசையும். ஒரு கையால் திறக்கலாம் என்பதற்காக வாங்கிய கத்தியை மூட இரண்டு கை வேண்டும் என்பது சிறிய குறை அல்ல. ஏணியின் மேல் நின்று ஒரு கையால் கயிற்றை அறுக்கிறவருக்கு, அறுத்து முடித்த பிறகும் அந்தக் கத்தி கையிலேயே திறந்திருக்கிறது.

அழுக்கு விஷயத்தில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பைத்தூசியும் நூற்பஞ்சும் சுருள் இருக்கும் குழியிலும் பட்டன் துளையிலும் சேர்கின்றன. கெட்டியான எண்ணெய் அவற்றைக் களிம்பாக்குகிறது. மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். ஸ்பிரிங்கே உடைந்தால் அது பெரும்பாலும் கம்பி துளைக்குள் நுழைவதற்காக வளைக்கப்பட்ட முனையில் உடையும். திறந்து மூடும் ஒவ்வொரு சுழற்சியும் அந்த வளைவின் மேல்தான் விழுகிறது. மூடியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று சிலர் திறந்து வைக்கிறார்கள். நல்ல எஃகுச் சுருளைத் தளரவைப்பது அசையாத பாரத்தைவிடத் திரும்பத் திரும்ப வரும் பாரமே. சும்மா இருக்கும்போதெல்லாம் திறந்து திறந்து மூடும் பழக்கம்தான் அதற்கு எமன்.

பிடியின் முன்வாயிலிருந்து நேராகப் பாய்ந்து வரும் வகையின் கதை வேறு. இதில் அலகு சுழல்வதில்லை, ஒரு தடத்தில் வழுக்கிச் செல்கிறது. கட்டைவிரலால் ஒரு தள்ளுகட்டையை முன்னே தள்ளினால் வெளியே வரும், பின்னே இழுத்தால் உள்ளே போகும். இந்த இருவழி வகையில் ஸ்பிரிங் எப்போதும் முறுக்கேறி நிற்பதில்லை. தள்ளும்போதுதான் நம் கட்டைவிரல் அதை இழுத்து விசையேற்றுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் அலகைப் பிடித்திருக்கும் சிறு கொக்கி விலகி, அலகு தடத்தில் தன் வேகத்திலேயே ஓடி, மறுமுனையில் இன்னொரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. கட்டைவிரலால் இயலும் அளவுக்கு மேல் இந்த ஸ்பிரிங்கை வலுவாக்க முடியாது. ஆதலால் எதிரே சிறு தடை இருந்தாலும் அலகு கொக்கி வரை போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுவிடும். பிறகு நுனியைப் பிடித்து இழுத்துத்தான் பூட்ட வேண்டும். எதையும் துளைத்துக்கொண்டு பாயும் பயங்கரக் கருவி என்று இதைப் பற்றிப் பரவியிருக்கும் எண்ணத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பே இல்லை.

வழுக்கி ஓட வேண்டிய அலகுக்குத் தடத்தில் சிறிது இடம் விட்டாக வேண்டும். அந்த இடம்தான் ஆட்டம். எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் இந்த வகையில் ஆட்டம் முற்றிலும் போகாது, போனால் அலகு ஓடாது. அட்டையை நீளமாக அறுக்கும்போது அலகு பக்கவாட்டில் லேசாக நெளிவதைக் கை உணரும். நுணுக்கமான வேலைக்கு இது பொருந்தாது. முன்வாய் எப்போதும் திறந்திருப்பதால் மணல், பஞ்சு எல்லாம் உள்ளே போகும். ஒட்டுநாடாவை அறுத்துவிட்டு உள்ளே இழுத்தால் அலகில் ஒட்டியிருக்கும் பசையும் கூடவே போய்த் தடத்தில் தங்கிவிடும். உண்ணும் பொருளை இதனால் வெட்டக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன், ஏனென்றால் உள்ளே கழுவ வழியில்லை. பிரித்தால் ஸ்பிரிங்கையும் கொக்கிகளையும் அதனதன் இடத்தில் திரும்ப வைப்பது பொறுமையைச் சோதிக்கும்.

இத்தனை குறைகளோடும் இந்தக் கத்திகள் ஏன் நிலைத்தன என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேடு 1890களில் பட்டன் கத்திக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில், மற்ற மடக்குக் கத்திகளை நகத்தால் அலகின் பள்ளத்தைப் பற்றி இழுத்து இரண்டு கையால்தான் திறக்க வேண்டியிருந்தது. உடைந்த நகத்துக்கும் மரத்துப்போன விரலுக்கும் அந்தப் பட்டன் பெரிய உதவி. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப் படையினருக்குக் கொடுக்கப்பட்ட எம்சி-1 கத்தி இதன் தெளிவான உதாரணம். ஆரஞ்சு நிறப் பிடி, பட்டனில் திறக்கும் ஓர் அலகு, பாராசூட் கயிற்றை அறுக்க வளைந்த கொக்கி அலகு ஒன்று. ஒரு கை அடிபட்டோ சிக்கியோ இருக்கும் நிலையில் கயிற்றில் தொங்குகிறவருக்காக வடிவமைக்கப்பட்டது. அங்கே மூடுவது ஒரு பிரச்சினையே அல்ல.

1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் ஒரு வட்டத் துளையும் பிடியில் ஒரு கிளிப்பும் வைத்த கத்தியை வெளியிட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் ஒரே கையால் அலகு திறக்கும். ஸ்பிரிங் உதை இல்லை, பையில் தானாகத் திறக்கும் அச்சம் இல்லை. பின்னர் பிடியின் உள்தகடு பக்கவாட்டில் வந்து பூட்டும் முறை போன்றவை பரவியபோது ஒரே கையால் மூடுவதும் எளிதாயிற்று. இரண்டு கைகளும் சரியாக இயங்கும் ஒருவரின் அன்றாட வேலைக்கு, தானியங்கிக் கத்தி இவற்றைவிடச் சிறப்பாகச் செய்யும் வேலை ஒன்றையும் என்னால் காட்ட முடியவில்லை.

சட்டத்தையும் நடைமுறைக் குறையாகவே கணக்கில் எடுக்க வேண்டும். பிரிட்டன் 1959இல் தானியங்கிக் கத்திகளின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் தனியிடத்தில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுத்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகு கொண்ட தானியங்கிக் கத்தியைத் தம்மோடு எடுத்துச் செல்லலாம். இந்தக் கருவி உண்மையில் யாருக்குத் தேவை என்பதை அந்த ஒரு வரி, பல தயாரிப்பாளர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

அந்த ஒரு கை மனிதரை முன்னால் நிறுத்திப் பார்க்கும்போது என் மதிப்பீடுகளும் சில தலைகீழாகின்றன. பக்கவாட்டில் திறக்கும் கத்தியை அவர் மூட வேண்டுமானால், பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தியபடி அலகின் முதுகைத் தொடையிலோ மேசை விளிம்பிலோ வைத்து ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ள வேண்டும். முன்வாயில் பாயும் இருவழிக் கத்தியையோ அவர் அதே கட்டைவிரலால், அதே தள்ளுகட்டையால், விரல் எதையும் அலகின் பாதையில் வைக்காமல் மூடிவிடலாம். நடுவழியில் நின்றுவிடுவது, ஆட்டம் உடையது, அழுக்கைச் சேர்ப்பது என்று நான் குறை சொன்ன வகையே அவருக்குப் பாதுகாப்பானது. வாத நோயால் விரல் மடங்காதவர், அந்தத் தள்ளுகட்டை எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்; சில கத்திகள் நலமான கட்டைவிரலுக்கே வலிக்கும் அளவுக்கு இறுக்கமானவை.

எனவே தயாரிப்பாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது இன்னும் வேகமான திறப்பை அல்ல. தள்ளுகட்டை அகலமாகவும், பற்கள் கூராக இல்லாமலும், குறைந்த விசையில் நகர்வதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூரான குத்துவாள் வடிவத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கூரான அகன்ற அலகைப் பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே எளிதாகத் துடைக்க வழி வேண்டும். இது இயலாத ஒன்று அல்ல. 1930களின் இறுதியில் ஜெர்மன் பாராசூட் படையினருக்குத் தரப்பட்ட, ஸ்பிரிங் இல்லாமல் ஈர்ப்பு விசையால் அலகு இறங்கும் கத்தியில், அடுத்து வந்த வகையைத் திருகுளியே இல்லாமல் கையால் பிரித்து, அலகை வெளியே எடுத்துத் துடைத்து, திரும்பப் பூட்ட முடிந்தது.